பட்டறைக் கதவில் டெட்போல்ட் சிக்கிக்கொண்டால்: எண்ணெயா, ஆளா, டிரில்லா?

கொடைக்கானலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. காலையில் சாவியைப் போட்டால் பூட்டு அசையாது. மிஷின்கள் எல்லாம் உள்ளே. வெளியே மருந்தடிக்கும் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த விவசாயி காத்திருப்பார். பூண்டுக்கு அன்றைக்கே மருந்தடிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பூட்டின் மேல் நாலு போடு போடத்தான் தோன்றும். அப்படிப் போடுவதற்கு முன்னால் என்னென்ன வழி இருக்கிறது, எதில் எவ்வளவு நேரமும் காசும் போகும், எது கதவைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் டெட்போல்ட் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு பூட்டில் இருக்காது, கதவிலும் நிலையிலும் இருக்கும். அதனால் பூட்டைக் குத்துவது, துளைப்பது எல்லாம் கடைசிக்குப் போக வேண்டியவை. அப்புறம், பட்டறைக் கதவுக்கு டெட்போல்ட் பொருத்தமான பூட்டுதானா என்பதையே கதவு திறந்த பிறகு ஒருமுறை யோசிக்க வேண்டும்.

டெட்போல்ட் என்பது ஸ்பிரிங் இல்லாத நாக்கு. சாதாரணக் கைப்பிடிப் பூட்டில் நாக்கின் முனை சரிவாக இருக்கும். கதவைச் சாத்தினால் தானாக உள்ளே போய், குழி வந்ததும் வெளியே வரும். டெட்போல்ட்டின் நாக்கு சதுர முனையோடு, ஏறக்குறைய ஓர் அங்குலம் நீண்டு, நிலையில் வெட்டிய குழிக்குள் போய் உட்காரும். சாவியைத் திருப்பினால் மட்டும்தான் நகரும். பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நெம்பித் திறக்க முடியாது என்பது அதன் பலம். ஆனால் நாக்கும் குழியும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் விலகினாலும் அந்த நாக்கு விட்டுக்கொடுக்காது. விலகுவதற்கோ மலையில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் பெருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய பெருக்காது. காற்றில் ஈரப்பதம் பாதிக்குப் பாதி இருக்கும்போது மரம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் ஈரத்தோடு இருக்கும். ஈரப்பதம் 90ஐத் தொட்டு அப்படியே நின்றால் அந்த 9 மெல்ல 20 பக்கம் போகும். பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாத இடத்தில் இது நடக்காமல் இருக்காது. 10 செ.மீ. அகலமுள்ள தேக்குச் சட்டமே கோடையில் இருந்ததைவிட மழையில் ஒரு மி.மீ. கூடுதலாக இருப்பது சாதாரணம். நம் பட்டறைக் கதவுகள் பலவும் தேக்கு கிடையாது. சில்வர் ஓக், தைல மரம் என்று அக்கம்பக்கத்தில் அறுத்து, சரியாகக் காயவைக்காமலே பூட்டியவை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஆசாரி விட்டுவைப்பது சுமார் 3 மி.மீ. சந்து. இரண்டு பக்கச் சட்டமும் நிலையும் ஆளுக்கு ஒரு மி.மீ. பெருத்தால் அந்தச் சந்து முடிந்தது.

இரண்டாவது காரணம் தொங்கல். இரும்புத் தகடு அடித்த கனமான பட்டறைக் கதவு தினமும் இழுபடும்போது மேல் கீலின் ஸ்க்ரூ தளர்கிறது. கதவு பூட்டுப் பக்கம் சற்றே கீழே இறங்கி, நாக்கின் அடிப்பாகம் குழியின் கீழ் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது, சரிவில் கட்டிய கட்டடம். மழையில் பின்பக்க மண் ஊறித் தள்ளும்போது சுவரோடு நிலையும் கோணுகிறது. உங்கள் நிலை கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டேப் போதும். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கும், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மூலைகள் சரியாக இருக்கின்றன.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் சாவியோடு பேச வேண்டும். சாவி முழுசாக உள்ளே போகவில்லை என்றால் துவாரத்தில் தூசியோ உடைந்த துண்டோ இருக்கிறது. முழுசாகப் போய், ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை என்றால், சாவி நுழைந்து சுழலும் உருளையான சிலிண்டர் மேல் சந்தேகப்படலாம். ஆனால் முதலில் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும், பூட்டோடு வந்த அசல் சாவியை எடுத்துவந்து போட்டுப் பாருங்கள். டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் போட்டுக்கொண்டே போன சாவியில் வெட்டுகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போகும். நல்ல காலத்தில் ஒத்துழைக்கும் அந்தச் சாவி, பூட்டு லேசாக இறுகினாலே கைவிட்டுவிடும். சாவி கொஞ்சம் திரும்பி அப்புறம் கல்லில் இடித்தது போல நின்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, நாக்குதான் எங்கோ மாட்டியிருக்கிறது. சாவி தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து நாக்கு மட்டும் நகராவிட்டால் உள்ளே சிலிண்டரையும் நாக்கையும் இணைக்கும் பாகம் உடைந்திருக்கிறது. இந்தக் கடைசி வகைக்கு எண்ணெய் எதுவும் உதவாது.

நாக்கு மாட்டியிருந்தால் செய்ய வேண்டியது இது: ஒரு கையால் சாவியை மிதமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்குங்கள். நடக்கவில்லையா, தோளால் நிலையோடு சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் உங்கள் பக்கம் இழுங்கள். அடுத்து கீல் பக்கமாகத் தள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்றில் சாவி சட்டென்று இளகினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. எந்தத் திசையில் இளகியதோ அந்தத் திசைதான் பிறகு செய்ய வேண்டிய மராமத்தையும் சொல்லும். தூக்கும்போது இளகினால் மேல் கீல். இழுக்கும்போது இளகினால் கதவு எதிலோ முட்டி நிற்கிறது. ஆள் ஒருவர் கூட இருந்தால் கதவுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, கல் ஒன்றை அண்டக்கொடுத்து, இரண்டு மூன்று மி.மீ. நெம்பிப் பார்க்கலாம். கதவையும் பூட்டையும் கெடுக்காத வழிகளில் இதைவிடப் பலமானது வேறு கிடையாது. காசும் கிடையாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சாவியின் தலையில் கட்டிங் பிளேயரையோ ரிஞ்சையோ மாட்டித் திருகாதீர்கள். சாவி பித்தளை. துவாரத்துக்குள் உடைந்து துண்டு நின்றுவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

எண்ணெய் விஷயம்

எண்ணெய் விடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மலிவு, ஆபத்தில்லை, பூட்டு திறக்காவிட்டாலும் நஷ்டமில்லை என்று நினைக்கிறோம். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்து அது சரி அல்லது முழுத் தப்பு.

வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சித்திரையிலேயே பகல் வெப்பம் 25ஐத் தொடுவது அபூர்வம். வருஷத்தில் பெரும்பாலான நாள் தலைக்குத் தேய்க்கும் பாட்டிலையே அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் எடுக்கிறோம். அதே எண்ணெயைச் சூடாக்கிப் பூட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் சாவியின் வெட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பின்கள் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி மெல்லிய ஸ்பிரிங்கின் மேல் மிதந்துகொண்டிருப்பவை. எண்ணெய் குளிரில் வெள்ளை மெழுகாக இறுகி அந்தப் பின்களைப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய சிலிண்டரைப் பிளந்து பார்த்தால் துவாரத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாக அப்பியிருக்கும், அதில் அறுப்புத்தூள் ஒட்டிக் குழைந்திருக்கும். கீழே சமவெளியில் இருக்கும் வத்தலக்குண்டில் நன்றாக வேலை செய்யும் வைத்தியம் இங்கே வியாதியாகிவிடுகிறது.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அவ்வளவு சுலபமாக உறையாது, ஆனால் நாளடைவில் பிசினாக மாறும். விளக்கெண்ணெய் குளிரில் அவ்வளவு கெட்டி, இடுக்குக்குள் இறங்கவே இறங்காது. தைலம் வடிப்பவர்கள் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் தைலம் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. பழைய எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க அது உதவும். ஆனால் ஆவியாகிப் போய்விடும், வழவழப்பு எதையும் விட்டுவைக்காது. கரைத்த பிறகு வேறு எண்ணெய் விட வேண்டும்.

சரியானவை மூன்று. பனியும் மழையும் உள்ளே இறங்கி இறுகியிருந்தால் டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரே. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகவே உருவாக்கியது அது. 40 என்பது அந்தக் கலவைக்கு வந்து சேர்வதற்குள் பார்த்த முயற்சிகளின் கணக்கு. மெல்லிய குழாயைச் சாவித் துவாரத்தில் வைத்து ஒரு முறை, கதவுக்கும் நிலைக்கும் இடையே நாக்கு தெரியும் சந்தில் ஒரு முறை அடித்து, கால் மணி நேரம் டீ குடிக்கப் போய்விட வேண்டும். உடனே திருகிப் பார்த்துவிட்டுச் சரிப்படவில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். அது நீடித்து நிற்கும் எண்ணெய் கிடையாது. பூட்டு திறந்த பிறகு நாக்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். கனிம எண்ணெய் என்பதால் நம் குளிரில் உறையாது, பிசினாகாது. சிலிண்டருக்கு உலர்ந்த வழவழப்பு இன்னும் நல்லது. மென்மையான பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் கறுப்பாகத் தேய்த்து, உள்ளே விட்டு விட்டு எடுத்தால் கிராஃபைட் பின்களில் படியும். எண்ணெய் விட்ட சிலிண்டரில் மட்டும் பென்சில் தூள் வேண்டாம், இரண்டும் சேர்ந்து மை போல ஆகிவிடும்.

மார்கழியில் மன்னவனூர், கவுஞ்சி பக்கம் உறைபனி விழும் காலையில் துவாரத்துக்குள் ஈரமே ஐஸாக நிற்கலாம். சாவியை லைட்டரில் லேசாகக் காட்டிச் செருகினால் போதும். கொதிநீர் ஊற்ற வேண்டாம். அந்த நேரத்துக்கு இளகும், மரம் இன்னும் பெருக்கும், மறுநாள் துரு. பட்டறைக் கதவில் புளோ லாம்ப் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கதவுக்குப் பின்னால் தின்னரும் பெட்ரோலும் இருக்கும்.

ஆளைக் கூப்பிடுவது

கொடைக்கானல் பஜாரில் டூப்ளிகேட் சாவி போடுபவர்கள் இருக்கிறார்கள். இரு சக்கர வண்டி, பீரோ, தொங்குபூட்டு எல்லாம் அவர்களிடம் முடிந்துவிடும். சிலிண்டர் பூட்டைச் சேதமில்லாமல் திறக்கும் கருவியும் பழக்கமும் உள்ளவர் தேவை என்றால் பல நேரம் பழனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோதான் வர வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மலை ஏற மூன்று மணி நேரமாவது பிடிக்கும். சனி, ஞாயிறு என்றால் வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் நிற்பார் என்று சொல்ல முடியாது. போக்குவரத்துச் செலவு கூலியைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

அப்படியும் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி என்கிற இடங்கள் உண்டு. சாவி துவாரத்துக்குள் உடைந்துவிட்டால், சிலிண்டர் விலை உயர்ந்த வகையாக இருந்தால், அல்லது பட்டறை வாடகைக் கட்டடமாக இருந்து கதவு உரிமையாளருடையது என்றால் நீங்களே கை வைப்பதைவிட இது மலிவாக முடியும். போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். துளைக்காமல் திறக்கப் பார்ப்பீர்களா? திறக்க முடியாமல் துளைத்தால் கூலி என்ன? புது சிலிண்டர் அதில் சேருமா, தனியா? சிலிண்டரின் போட்டோவையும் சாவியின் போட்டோவையும் முன்கூட்டியே அனுப்பினால், தேவையான சாமானோடு ஏறி வருவார். பாதி மலை இறங்கி ஏறும் வேலை மிச்சம். கட்டடம் உங்களுடையதுதானா என்று அவர் கரண்ட் பில்லையோ பக்கத்துக் கடைக்காரரையோ கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கிற ஆளைத்தான் நம்பலாம். எதுவும் கேட்காமல் வந்து திறந்துவிட்டுப் போகிறவர், வேறு யாராவது கூப்பிட்டாலும் உங்கள் கதவை அப்படியே திறப்பார்.

என்னைக் கேட்டால் இதற்கும் முன்னால் கூப்பிட வேண்டியவர் ஆசாரி. எங்கள் வட்டாரத்தில் வயதான ஆசாரி ஒருவர், யார் பூட்டுச் சிக்கல் என்று வந்தாலும், "பூட்டை விடுங்க தம்பி, மொதல்ல கீலைக் காட்டுங்க" என்பார். மலையில் கதவு பார்த்துப் பழகிய கை அது. நிலையில் எந்த இடத்தில் உளி வைத்தால் நாக்கு விடுபடும் என்பது சாவிக்காரரைவிட அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்தும் விடுவார்.

வேறு வழியாக உள்ளே போவது

இது பலர் யோசிக்காமல் விடும் வழி. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீல்கள் வெளியே இருக்கும். கீல் ஊசியின் அடியில் ஆணியை வைத்து மேல்நோக்கித் தட்டினால் ஊசி கழன்று வரும், துருப்பிடித்திருந்தால் முதலில் எண்ணெய். கீழ் ஊசியை முதலில் எடுத்து, மேல் ஊசியைக் கடைசியில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு உங்கள் மேல் சாயும். கனமான கதவுக்கு இரண்டு பேர் வேண்டும். அப்புறம் கீல் பக்கத்தை வெளியே இழுத்தால் நாக்கு குழியிலிருந்து பக்கவாட்டில் உருவிக்கொண்டு வந்துவிடும். கதவும் பூட்டும் முழுசாக மிஞ்சும். உங்களுக்கு இது இவ்வளவு சுலபம் என்றால் திருடனுக்கும் சுலபம் என்பதைக் கவனியுங்கள். கீல் பக்கம் கதவின் விளிம்பில் தடித்த ஸ்க்ரூ ஒன்றைப் பாதி வெளியே நிற்கும்படி ஏற்றி, அது போய் உட்கார நிலையில் துளை போட்டுவிட்டால் ஊசி இல்லாமலும் கதவு கழன்று வராது.

ஜன்னல் கம்பியை அறுப்பது, கூரைத் தகட்டைக் கழற்றுவது இரண்டும் கதவைவிட அதிகம் செலவு வைக்கும். தகரக் கூரையில் மழை ஈரத்தோடு ஏறுவதற்கு எந்த அவசர வேலையும் ஈடாகாது.

உடைப்பது

எல்லாம் பார்த்தாயிற்று, திறக்கவில்லை, இன்றைக்கே திறந்தாக வேண்டும் என்றால் மூன்று இடத்தில் உடைக்கலாம்: நிலையில், நாக்கில், சிலிண்டரில்.

நிலையை வெட்டுவதை நான் முதலில் வைக்கிறேன். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். உண்மையில் செலவு குறைவு. குழி இருக்கும் இடத்தில் நிலையின் வெளி விளிம்பை ஒரு சாண் நீளத்துக்கு உளியால் நேராக வெட்டி எடுத்தால் நாக்குக்கு வெளியே வர வழி கிடைக்கும். பூட்டு பிழைத்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் அதே அளவு மரத்துண்டை ஒட்டி, ஸ்க்ரூ போட்டு, குழியின் வாயில் புதுத் தகடு பதித்தால் பழையதைவிட உறுதியாகவே நிற்கும், ஏனென்றால் இப்போது குழியைச் சரியான இடத்தில் வெட்டியிருப்பீர்கள். இரும்பு நிலைக்கும் சிமெண்ட் நிலைக்கும் இது ஒத்துவராது.

நாக்கை அறுப்பது ஆக்சா பிளேடு நுழையும் சந்து இருந்தால் மட்டும். நல்ல டெட்போல்ட்டில் நாக்குக்குள் கடினமான எஃகுக் கம்பி உருளும்படி வைத்திருப்பார்கள். பிளேடு அதைத் தொட்டால் கம்பி கூடவே சுற்றும், அறுபடாது. மணிக்கணக்கில் அறுத்துக் கை ஓய்ந்த பிறகு கிரைண்டரை எடுப்பார்கள். மரப் பட்டறைக் கதவில் கிரைண்டர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பொறி சந்துக்குள் போய் அறுப்புத்தூளில் விழுந்தால் உடனே பற்றாது. உள்ளுக்குள் கனன்று கனன்று, நீங்கள் கதவைத் திறந்து வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகு எரியும்.

சிலிண்டரைத் துளைப்பது சுத்தமான வழி, நிதானம் உள்ளவருக்கு. சாவித் துவாரத்துக்குச் சற்று மேலே, பின்கள் வரிசையாக இருக்கும் கோட்டில் முதலில் சிறிய பிட்டும் பிறகு பெரிய பிட்டும் போட்டால் பின்கள் அழிந்து உட்பகுதி சுழலும். சிலிண்டர் போச்சு, ஆனால் பூட்டின் மீதிப் பெட்டி பிழைக்கும். முழுப் பூட்டைவிட சிலிண்டர் விலை குறைவு. பித்தளைத் தூள் கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் வெளியே நின்று எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து டிரில் போடாதீர்கள், பேட்டரி டிரில் யாரிடமாவது கடன் வாங்குங்கள். ஒரு நிபந்தனை: மாட்டியிருப்பது நாக்கு என்று சாவிச் சோதனையில் தெரிந்திருந்தால் சிலிண்டரைத் துளைத்து ஒரு பயனும் இல்லை. துளைத்த பிறகும் நாக்கு அதே இடத்தில்தான் நிற்கும். பட்டறைகளில் வீணாகப் போகும் சிலிண்டர்கள் பல இப்படிப் போனவைதான்.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் பொருந்தாது. 101க்கோ 112க்கோ அடித்துவிட்டு, கையில் இருப்பதை வைத்து நிலையை உடையுங்கள்.

திறந்த பிறகு: அதே பூட்டா, வேறா?

கதவு திறந்ததும் வேலையைப் பார்க்க ஓடாமல், நாக்கை வெளியே நீட்டிப் பாருங்கள். எங்கே உரசியதோ அங்கே பளபளவென்று கீறல் இருக்கும். அடியில் கீறல் என்றால் கதவு இறங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூவை எடுத்து, துளையில் மூங்கில் சிம்பைப் பசையோடு அடித்து, 3 அங்குல ஸ்க்ரூ போட்டாலே பல கதவுகள் எழுந்து நிற்கும். பக்கத்தில் கீறல் என்றால் நிலைத் தகட்டின் ஓட்டையை அரத்தால் அந்தப் பக்கம் இரண்டு மி.மீ. அராவலாம். நாக்கின் நுனியில் அழுக்கு அப்பியிருந்தால் குழியைத் தோண்டிப் பாருங்கள். மரப் பட்டறையில் அறுப்புத்தூளும், வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் இரும்புத்தூளும் குழிக்குள் இறங்கி, பனி ஈரத்தில் துருவோடு கட்டியாகி, நாக்கை முழு நீளத்துக்கு நீள விடாது. முழுசாக நீளாத நாக்கு பூட்டியது போலத் தெரியும், ஒரு நெம்பலில் திறக்கும். குழியை அரை அங்குலம் ஆழப்படுத்தினால் தூள் விழவும் இடம் இருக்கும்.

கதவு பெருத்ததுதான் காரணம் என்றால் இழைக்க வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை. மழையில் தாராளமாக இழைத்துவிட்டால், மாசி, பங்குனி வெயிலில் கதவு சுருங்கிச் சந்து விரல் நுழையும் அளவு ஆகும். நாக்கு குழிக்குள் போகும் நீளமும் அந்த அளவுக்குக் குறையும். மழையில் கதவு உரசாமல் சாத்தும் அளவுக்கு மட்டும் ஒரு சீவல். மீதியைக் காய்ந்த மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதிகம் இழைக்க வேண்டியிருந்தால் பூட்டுப் பக்கத்தைத் தொடாமல் கீல் பக்கத்தை இழைக்கச் சொல்லுங்கள். பூட்டுப் பக்கம் இழைத்தால் பூட்டைக் கழற்றி, அதன் முகத்தகடு உட்காரும் பள்ளத்தை மறுபடி வெட்ட வேண்டும். கீல் பக்கம் என்றால் கீலின் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் முடிந்தது. இழைத்த அன்றைக்கே வெட்டுப்பட்ட மரத்துக்குப் பெயிண்ட். கதவின் அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் சேர்த்து அடியுங்கள். நம் கதவுகளில் முன்னும் பின்னும் மூன்று கோட் இருக்கும், அடியில் பச்சை மரமாக நிற்கும். மழைத் தண்ணீரை மரம் உறிஞ்சுவது அந்த வெட்டு முனை வழியாகத்தான் அதிகம்.

இவ்வளவும் செய்து அதே டெட்போல்ட்டை வைத்துக்கொள்ளலாம். நிலை நேராக, கதவு காய்ந்த மரமாக, மேலே மழை படாமல் சரிவுக் கூரை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். வீட்டு வாசலுக்கு டெட்போல்ட் நல்ல பூட்டு. ஆனால் சரிவில் நிற்கும், தூள் பறக்கும், பனி நேராக அடிக்கும் பட்டறைக் கதவுக்குத் தடித்த கொண்டியும் தொங்குபூட்டும்தான் என் தேர்வு. கதவு அரை அங்குலம் இறங்கினாலும் கொண்டியை இழுத்து மாட்டிவிடலாம். பூட்டு இறுகிவிட்டால் வளையத்தை அறுத்துப் போட்டுவிட்டு மறு பூட்டு வாங்கலாம், கதவில் ஒரு கீறல் விழாது.

மலைக்குக் கீழேயே இதற்குப் பெயர் போன ஊர் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகர்ப் பக்கம் கையால் அடித்துச் செய்யும் மாங்காய்ப் பூட்டு நெம்புகோல் தகடுகளால் இயங்குவது. சிலிண்டர் பின்களைப் போல மெல்லிய துவாரத்தை நம்பியிருப்பதில்லை, அதனால் கொஞ்சம் தூசியையும் பொறுத்துக்கொள்ளும். செய்தவரே பிரித்து மராமத்துப் பார்க்கவும் முடியும். இரும்பு உடல் என்பதால் பனியில் துரு ஏறும் என்பது நிஜமான குறை. அதற்கு மேலே பழைய டியூபை வெட்டி ஒரு ரப்பர் மறைப்பு அடித்து, மாதம் ஒருமுறை மிஷின் எண்ணெய் விட்டால் நிற்கும்.

கொண்டியின் பலவீனம் பூட்டில் இருக்காது, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் இருக்கும். வெளியிலிருந்து திருப்புளியால் கழற்ற முடிந்தால் எத்தனை கனமான பூட்டு தொங்கினாலும் வீண். உருண்டைத் தலை போல்ட்டைக் கதவின் ஊடாக விட்டு உள்பக்கம் வாஷரும் நட்டும் போட வேண்டும். நாதாங்கிக்கும் அப்படியே. இன்னொரு குறை, தொங்குபூட்டை உள்ளிருந்து போட முடியாது. வேலை செய்யும்போது சாத்திக்கொள்ள உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று தனியாக வேண்டும். யாரும் உள்ளே இல்லை என்பதும் வெளியே தொங்கும் பூட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பஜாரில் அது பிரச்சினையில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் பட்டறை, உள்ளே விலை கூடின மிஷின் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, கதவின் உள்முகத்தில் மேலாகப் பொருத்தும் பெட்டிப் பூட்டு நடுவழி. கதவைக் குடையத் தேவையில்லை. நாக்கு போய் உட்காரும் பெட்டியும் நிலையின் மேலேயே ஸ்க்ரூவில் நிற்பதால், கதவு இறங்கினால் அந்தப் பெட்டியைக் கழற்றி நாலு மி.மீ. கீழே இறக்கி மாட்டிவிடலாம், உளியே வேண்டாம். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வகையை மட்டும் பட்டறைக்கு வாங்காதீர்கள். வெளியே வந்து பம்பைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டால் சாவி உள்ளே, நீங்கள் வெளியே. இரண்டு பக்கமும் சாவி கேட்கும் சிலிண்டரும் வேண்டாம். ஒரே கதவு உள்ள பட்டறையில் தீப் பிடித்தால் உள்ளே சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. உள்பக்கம் கையால் திருப்பும் குமிழ் இருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

ரோலிங் ஷட்டர் நம் ஈரத்தில் அடிப்பாகம் அரித்துப்போகும், கீழே உள்ள பூட்டில் மண் அடைக்கும். டிஜிட்டல் பூட்டை இந்தக் கதவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டு எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும் நாக்கு அதே நாக்குதான்.

எந்தப் பூட்டானாலும் மாற்றும் வேலையை மாசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரைக்கும் தற்காலிகமாகக் கொண்டி. மரம் சுருங்கியிருக்கும்போது வெட்டும் குழிக்கு மேலும் கீழும் இரண்டு மி.மீ., பக்கத்தில் ஒரு மி.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். ஐப்பசியில் கதவு எங்கே வந்து நிற்கும் என்பது தெரிந்த ஆசாரி, நீங்கள் சொல்வதற்கு முன்பே அதை விட்டிருப்பார்.